கோள்மூட்டி வேலி

பிரபாவதி வீட்டு வேலி சிவந்த அன்று பசுங்கரைக் குடியிருப்பில் பாதி வீடுகளில் பாயசம் கொதித்திருக்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரைக்கு அங்கே தடை என்பதால் கொதிக்கவில்லை. அவ்வளவு பேருக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல். சங்கத்தில் அவளுக்குச் செயலாளர் பதவி, பார்த்ததென்னவோ போலீஸ் வேலை.

பசுங்கரை, பொள்ளாச்சி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது. மண்ணுக்குக் கெடுதல் செய்யமாட்டோம் என்று உறுதி சொன்னவர்களுக்குத்தான் அங்கே வீடு. பாத்திரம் துலக்கப் பூந்திக்கொட்டை, பல் துலக்க வேப்பம்பொடி, கொசுவுக்கு நொச்சி. வாசலில் கல்மாவில் கோலம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். இதெல்லாம் வாய்ச்சொல்லில் நடக்கிற ஒழுக்கம். வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? அதற்காகத்தான் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் அந்த வேலி.

அன்று காலை, புதிதாக வீடு கேட்டு வந்த திருப்பூர் தம்பதிக்கு பிரபாவதி அதைத்தான் விளக்கிக்கொண்டு நடந்தாள்.

"இதுதானுங்க சாட்சிவேலி. ஆராய்ச்சிக்கூடத்துல உண்டாக்கின செடி. குளிக்கிற தண்ணி, தொவைக்கிற தண்ணி, கக்கூஸ் தண்ணி எல்லாமே வீட்டுக்கு அடியில இருக்கற தொட்டிக்குப் போகும். அங்க சுத்தமாகித் தோட்டத்துக்கு வரும். கடைசியா இந்த வேலி குடிக்கும். மண்ணு செரிக்க முடியாத விஷம் கொஞ்சம் கலந்திருந்தாலும் இலை செவந்துபோகும். மறைக்கவே முடியாது."

"என்ன விஷம்னு சொல்லுமுங்களா?" என்று கேட்டார் கணவர்.

"அது சொல்லாது. வீட்டுக்காரங்கதான் என்னத்தைப் போட்டோம்னு ஒத்துக்கோணும். ஒத்துக்கலைன்னா இலையைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். மொதத் தடவைன்னா எச்சரிக்கை. வேலியை அடியோட வெட்டி உட்ருவோம். தழைஞ்சு வர்றதும் செகப்பா வந்தா வீட்டைக் காலி பண்ணோணும்."

மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மருந்து மாத்திரை சாப்பிட்டாலுங்க?"

"காய்ச்சல் மாத்திரை, பிரஷர் மாத்திரையெல்லாம் மண்ணு செரிச்சுரும். சில கடுமையான மருந்துதான் ஆகாது. அதுக்கு விதிவிலக்கு வெச்சிருக்கறோம். பொதுக்கூட்டத்துல எந்திரிச்சு, என்ன நோவு, என்ன மருந்துன்னு எல்லார்த்துக்கும் முன்னால சொல்லோணும். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. சுத்தமா வாழ்ந்தா நோவு எங்கிருந்துங்க வரும்?"

அந்த விதியை எழுதியவள் அவள்தான். ரகசியமாகச் சொன்னால் போதும் என்று விட்டால் ஆளாளுக்குப் பொய் நோய் சொல்லி ஏமாற்றுவார்கள் என்பது அவள் வாதம். சாட்சிவேலி என்று அவள் மட்டும்தான் சொல்வாள். மற்றவர்கள் அவள் காதில் விழாதபடி அதைக் கோள்மூட்டி என்பார்கள். கலாராணி பட்டுப்புடவைக்கு நடுவே அந்துருண்டை போட்டு வைத்து அலசியதை அதுதான் காட்டிக்கொடுத்தது. அதற்காக அவளைக் கூட்டத்தில் நிற்கவைத்து, "புடவையைக் காப்பாத்த பூமியைக் கொல்றாங்க" என்று பிரபாவதி பேசிய பேச்சில், கலாராணி வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அழுதாள். நாச்சிமுத்து குடும்பம் இரண்டாம் முறையும் சிவந்து, ஒன்றையும் ஒத்துக்கொள்ளாமல், பரிசோதனைக்கும் இலையைக் கொடுக்காமல் சாமான் ஏற்றிப் போனது. லாரி கிளம்பும்போது பிரபாவதி வாசலில் நின்று பார்த்தாள். தப்பு செய்தவர்கள் தலைகுனிந்துதானே போவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்தா, அந்த வீட்டு வேலி மட்டும் ஏனுங்க ஒரு மாதிரி செகப்படிக்குது?" என்றாள் திருப்பூர்க்காரி.

பிரபாவதி திரும்பிப் பார்த்தாள். அவள் வீடு.

*

நவநீதன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தெருவில் பூனை குறுக்கே வந்தால் அது போகட்டும் என்று நிற்கிற ஆள். அவள் உள்ளே நுழைந்தபோது, அவளுக்கு ரத்தம் ஊறுவதற்கான மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சில மாதங்களுக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி எடுத்தார்கள். சாதாரணக் கட்டி என்று டாக்டர் சொன்னார். அந்த டாக்டர் நவநீதனுக்குச் சித்தப்பா மகன் என்பதால் அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதிலிருந்து தினமும் இந்தச் சத்து மாத்திரை.

"வேலி செவந்திருக்குது," என்றாள்.

அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். "கரையான் மருந்து ஊத்தினேன் பிரபா. அலமாரிக்குப் பின்னால ஏறியிருந்துச்சு."

"எங்க டப்பா?"

"பஸ் ஸ்டாண்டு குப்பையில போட்டுட்டேன்."

அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. ஊரெல்லாம் விஷம் தேடித் திரிந்தவளின் வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் விஷம் ஊற்றியிருக்கிறார், அதுவும் ஒரு மர அலமாரிக்காக. மாத்திரையை வாங்கி விழுங்கினாள். அன்று மாலையே அவரைக் கமிட்டி முன் கொண்டுபோய் நிறுத்தினாள். அவரும் மறுக்காமல் ஒத்துக்கொண்டதால் பரிசோதனை தேவைப்படவில்லை.

வேலியை அடியோடு வெட்டினார்கள். எதிர்வீட்டு கலாராணி இடுப்பில் கைவைத்து நின்று முழுவதையும் வேடிக்கை பார்த்தாள்.

"ஏனுங்க்கா, வேலிக்கு மொட்டை போட்டாச்சு, காதுகுத்து எப்பங்க? சொன்னா சீர் கொண்டாருவமல்ல!"

பிரபாவதி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். மண்ணைத் தோண்டிப் புதுமண் போட்டாள். சாணக்கரைசல் ஊற்றினாள். துளிர் விட்டபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். சின்னக் குழந்தையின் உதடு மாதிரி சிவப்பு.

அன்றைக்கு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். பரண், கட்டிலுக்கு அடி, அரிசி டப்பா, அவருடைய பழைய சூட்கேஸ். விஷம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் கோபம் இன்னும் கூடியது.

"மறுபடியும் ஊத்தினீங்களா?"

"ஆமா," என்றார் நவநீதன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எதுக்கு?"

"கரையான் போகலை."

"என்னைய ஊரு சிரிக்க வெக்கறதுக்குன்னே பண்றீங்களா? இத்தனை வருசம் குடும்பம் நடத்தினதுக்கு இதுதான் பரிசா?"

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு என்றால் அந்த மாத்திரை நேரத்துப் பேச்சுதான். "மாத்திரை," என்பார். "வெச்சுட்டுப் போங்க," என்பாள்.

காலி பண்ணுவதா என்று யோசித்தாள். அந்த வீட்டில் ஒவ்வொரு செங்கலும் சுடாத மண்கல். கிணற்றடி முருங்கையும் கொல்லை மாதுளையும் அவள் கையால் வைத்தவை. சாகிறவரை இங்கேதான் என்று நினைத்து வந்தவள். ஆனாலும் மற்றவனுக்கு ஒரு விதி, தனக்கு ஒரு விதி என்றால் அந்த விதிக்கு என்ன மரியாதை? புருஷனோடு பேச்சை விட்டால் மட்டும் போதாது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் தன் வீட்டின் வழக்கைத் தானே வைப்பதாகத் தலைவர் சதாசிவத்திடம் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் அவள் தூங்கினாள். ஆபரேஷனுக்குப் பிறகு மத்தியானம் படுத்தால் கை கால் அடித்துப் போட்டமாதிரி ஆகிவிடுகிறது. நவநீதன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனது அவளுக்குத் தெரியாது.

*

மாலை கூட்டத்துக்குப் போனபோது கூடம் நிறைந்திருந்தது. வந்து கூடிவிட்டன கழுகுகள் என்று நினைத்தாள். அவள் பேச எழுந்ததும் யாரோ ஒருவர் ஓடிவந்து நாற்காலியில் மெத்தை வைத்தார்.

"உக்காந்தே பேசுங்கம்மா," என்றார் சதாசிவம்.

"எனக்குக் காலு நல்லாத்தான் இருக்குது," என்று நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். தன் வீட்டில் ஒருமுறை எச்சரித்தும் மறுபடி விஷம் கலந்தது, தன் கணவர் அதை ஒத்துக்கொண்டது, விதிப்படி வீட்டைக் காலி செய்யவேண்டியது. எல்லாவற்றையும் ஒரு பிசிறு இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, கல் விழட்டும் என்று நின்றாள்.

விழவில்லை. ஒருத்தர் தொண்டையைச் செருமினார். இன்னொருத்தர் மின்விசிறியைப் பார்த்தார். முன்வரிசையில் கலாராணி எழுந்தாள். இதோ வருகிறது என்று பிரபாவதி உடம்பை இறுக்கிக்கொண்டாள். கலாராணி ஒரு தம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"குடிங்க்கா. தொண்டை வறண்டிருக்கும்."

பிரபாவதி அந்தத் தம்ளரைத் தேள் மாதிரி பார்த்தாள். கலாராணியின் கண் கலங்கியிருந்தது.

"வாக்கெடுப்பு வேண்டாமுங்க," என்றாள் கலாராணி கூட்டத்தைப் பார்த்து. "அக்கா இங்கயே இருக்கட்டும்." கூடத்தில் இருந்த அத்தனை கையும் கேட்காமலே உயர்ந்தது. அவள் எச்சரித்து வேலியை வெட்டவைத்தவர்கள், அவளால் கூனிக்குறுகியவர்கள், பின்னால் போய் அவளைச் சபித்தவர்கள், எல்லாருடைய கையும்.

"எந்த விதிப்படி?" என்றாள் பிரபாவதி. குரல் கிறீச்சிட்டது. "எந்த விதிப்படின்னு கேக்கறேன்!"

சதாசிவம் அவளைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில், "விதிவிலக்கு இருக்குதுங்களேம்மா," என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பசுங்கரையில் விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவளுக்கு அது எதற்கென்று யாரும் விளக்கவேண்டியதில்லை. பிரபாவதி தன் கணவரைப் பார்த்தாள். நவநீதன் தலையைக் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெத்தை போட்ட நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

*

"சாதாரணக் கட்டி இல்லை," என்றாள் சமையலறையில்.

"இல்லை."

"புத்துநோயா?"

அவர் தலையாட்டினார். "ஈரல்லயும் கொஞ்சம் இருக்குது. மாத்திரை சாப்பிட்டா அடங்கியிருக்கும்னான் டாக்டர். பல வருசம் நல்லா இருக்கறவங்க இருக்கறாங்களாம்."

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"சொந்தத்துல எல்லார்த்துக்கும். இன்னைக்கு மத்தியானம் இங்க வீடு வீடாப் போய்ச் சொன்னேன். உன்ற காதுக்குப் போகக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்."

நோயாளியைத் தவிர மற்ற எல்லாருக்கும் நோய் தெரிந்திருக்கும். நம் குடும்பங்களில் அதற்குப் பெயர் பாசம். ஆராய்ச்சிக்கூடத்தில் செடிக்குக் கோள் சொல்லக் கற்றுக்கொடுத்தவர்கள் இதை எண்ணிப்பார்த்திருக்க மாட்டார்கள்.

"எனக்கு ஏன் சொல்லலை?" அவள் கத்தினாள். "ஊரு முன்னால திருட்டுப் பட்டம் வாங்கிட்டு நின்னீங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமல்ல? நான் உங்களை எத்தனை பேச்சுப் பேசினேன்!"

"சொன்னா நீ மாத்திரையை நிறுத்திருப்பே." நவநீதன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "மண்ணு கெட்டுப்போகுதுன்னு நிறுத்திருப்பே. இல்லைன்னு சொல்லு பார்க்கலாம். உனக்கு என்னைய விட மண்ணு பெருசு. உன்னைய விடவும் பெருசு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. மேடையில் அவர் மறுநாளுக்கு எடுத்து வைத்திருந்த மாத்திரை இருந்தது, வெள்ளையாக, ஒரு துவரம்பருப்பு அளவுக்கு. அவளுக்கு அந்த மனிதரின்மேல் வெறுப்பாக வந்தது, அழுகையாகவும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களைத் தடார் தடார் என்று கவிழ்த்தாள்.

*

மறுநாள் மாத்திரையை விழுங்கினாள். பிறகு சாமான் கட்டத் தொடங்கினாள்.

"எதுக்கு பிரபா? எல்லாரும்தான் இருக்கச் சொல்லிட்டாங்கல்ல?"

"கெஞ்சி வாங்கின ஓட்டுல இருக்கமாட்டேன். மருந்தும் சாப்பிடுவேன், இந்த மண்ணையும் கெடுக்கமாட்டேன். வேற ஊருக்குப் போவோம்."

வாசலில் கலாராணி நின்றிருந்தாள். கையில் கேழ்வரகுக் கூழ். முகத்தில் எழவு வீட்டுக்கு வந்தவளின் களை.

"அந்த மூஞ்சியோட என்ற வாசல்ல நிக்காதே," என்றாள் பிரபாவதி. "நேத்து வரைக்கும் காதுகுத்து எப்பன்னு கேட்டவதானே நீ? இப்பக் கேளு. திட்டறதுன்னா திட்டிட்டுப் போ."

"அப்படியெல்லாம் பேசாதீங்க்கா. எங்க போறீங்க? இங்கயே இருங்க."

"விதிப்படி போறேன். எனக்கு ஒருத்தர் சலுகையும் வேண்டாம். போகும்போதாச்சும் யோக்கியமாப் போறேன்."

கலாராணி கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்திலிருந்த எழவுக்களை போய்விட்டது.

"யோக்கியமா?" என்றாள். "அதானே! செத்தாலும் உங்களுக்கு யோக்கியப் பட்டம் வேணும். நாச்சிமுத்து ஊட்டுல எதை ஊத்தினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டீங்களா? அவரு தங்கச்சிக்கு மனசு சரியில்லை. மருந்து சாப்பிட்டுட்டு இருந்துச்சு அந்தப் புள்ளை. மாப்பிள்ளை பாத்துட்டு இருந்த நேரம். கூட்டத்துல எந்திரிச்சு 'எங்க ஊட்டுப் பொண்ணுக்குப் பைத்தியம்'னு சொல்லியிருப்பாங்களா? வீட்டையே விட்டுட்டுப் போனாங்க. நீங்க வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தீங்க."

நாச்சிமுத்து வீட்டு லாரி நின்ற இடத்தைப் பிரபாவதி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கேளுங்க. என்ற ஊட்டுக்காரருக்கு வலிப்பு. பத்துப் பேருக்குத் தெரிஞ்சா அவரு வேலை போயிரும். வந்த புதுசுல மருந்தும் சாப்பிட்டாரு, அவரு ஒண்ணுக்குப் போறதை மட்டும் தனியாப் பிடிச்சு கேன்ல ஊத்தி ரோட்டோரம் கொண்டுபோய்க் கொட்டினேன். நீங்க அந்துருண்டையைப் பிடிச்சதுக்கு அப்புறம் பயந்துபோய் மருந்தையே நிறுத்திட்டாரு. இன்னொரு தடவை செவந்தா வீடு போயிருமல்ல. போன மாசம் பாத்ரூம்ல விழுந்து மண்டை உடைஞ்சுது. வழுக்கி உழுந்தாருன்னு ஊருக்குச் சொன்னேன். எங்க வேலி பச்சை, தலைவர் ஊட்டு வேலி பச்சை, அந்தக் கடைசித் தெரு மொத்தமும் பச்சை. ஒவ்வொருத்தரும் எதை நிறுத்தி அந்தப் பச்சையை வாங்கினாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மூச்சு வாங்க நின்றாள். பிறகு, இன்னும் அடங்காமல், பிரபாவதியின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிச் சொன்னாள்: "உங்களுக்கு மட்டும் எல்லாரும் கை தூக்கினோம். ஏன்னா எல்லார்த்துக்கும் ஊட்டுக்குள்ள ஒண்ணு இருக்குது. இப்ப நீங்க ஓடிப்போய் உத்தமி ஆயிட்டா, நாங்க பழையபடி பயந்துட்டு இருக்கோணுமா? போகக் கூடாது. இங்கயே செகப்பா இருங்க. தெனமும் நாங்க அதைப் பாக்கோணும்."

பிரபாவதிக்கு வாழ்க்கையில் இவ்வளவு திட்டு யாரும் திட்டியதில்லை. கீழே இருந்த கூழ்ச்சட்டியை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது.

"உன்ற புருசன் எங்கே?"

"ஊட்டுலதான்."

"மருந்து கைவசம் இருக்குதா?"

"பூட்டி வெச்சிருக்கறேன்."

"போய் எடுத்துக் குடு. அவரு டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுட்டு, இன்னைக்கே குடு." கலாராணி நகராமல் நிற்பதைப் பார்த்துப் பிரபாவதிக்குப் பழைய கோபம் திரும்பியது. "என்ன நிக்கறே? போடி! வேலியை நான் பாத்துக்கறேன்."

*

மழைக்காலம் முடிந்து, வேலிச்செடியை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். பிரபாவதி வீட்டு வேலி முழங்கால் உயரத்துக்குச் சிவப்பாகத் தழைத்திருந்தது. எதிரே கலாராணி வீட்டு வேலியிலும் நுனி சிவந்திருந்தது. வந்தவர் நடக்க நடக்க முகம் வெளிறினார். மூன்றாவது தெருவில் சிவப்பு, பூங்காவை ஒட்டிச் சிவப்பு, தலைவர் சதாசிவம் வீட்டிலும் சிவப்பு. கடைசித் தெருவில் பச்சையைத் தேட வேண்டியிருந்தது.

"செடியில ஏதோ கோளாறுங்க," என்றார். "நோய் பரவியிருக்கு. மொத்தத்தையும் பிடுங்கிட்டுப் புதுசு வெச்சுத் தர்றோம்."

"செடிக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள் பிரபாவதி. குரல் பழைய செயலாளரின் அதே குரல்தான், எதிரே நிற்பவரை உட்காரவிடாத குரல். "மொதல்ல ஒவ்வொரு ஊட்டுக்கும் மருந்துத் தண்ணிக்குத் தனித் தொட்டி கட்டிக் குடுங்க. மண்ணுல ஒரு சொட்டு எறங்கக் கூடாது. அதுவரைக்கும் ஒரு இலையைத் தொட்டீங்கன்னா பாத்துக்கங்க."

"அப்ப இத்தனை நாளா எல்லாமே பச்சையா இருந்துச்சே, எப்படிங்க?"

பிரபாவதி தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலாக, வேலி வேலியாக.

"இத்தனை நாளா நாங்க மருந்து சாப்பிடலீங்க," என்றாள்.